வேர்காட்டி சொன்ன பெயர்

துடுப்பு செத்து மிதந்த அன்று மாலையே சூசை குளிர்க்காய்ச்சலில் விழுந்தான்.

துடுப்பு ஓர் ஓங்கல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டால்பின் என்பார்கள். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அது ஓங்கல்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலை ஒட்டியிருந்த மறுவாழ்வு மையத்தில் இரண்டு ஓங்கல்கள் இருந்தன. துடுப்பு ஆண், சிப்பி பெண். இரண்டுமே விசைப்படகு வலையில் சிக்கி, திரும்பக் கடலில் விட முடியாத அளவுக்குக் காயம்பட்டு வந்தவை. சூசை அவற்றுக்கு மீன் வெட்டுகிறவன். மீராசா அவற்றைப் பழக்குகிறவன். டாக்டர் பிரிசில்லா அவற்றின் மருத்துவர்.

நோய் முதலில் கண்ணில் பட்டது சிப்பியின் உடம்பில். சாம்பல் நிறத் தோலில், சீட்டுக்கட்டு டைமன் வடிவத்தில் தடித்த திட்டுகள். பார்த்தவுடனே பிரிசில்லாவுக்கு இன்னதென்று தெரிந்துவிட்டது. மீனின் வழுவழுப்பில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. மீனை அது ஒன்றும் செய்யாது. ஓங்கலின் இரத்தத்தில் ஏறினால் கொன்றுவிடும். பென்சிலினுக்கு அடங்கும் என்று படித்திருந்தாள். இது அடங்கவில்லை. பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன காலம் அது. அவள் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிப்பி தானாகத் தேறிவிட்டது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட வாரத்தில் துடுப்பு இரை எடுக்காமல் ஒதுங்கியது. ஒரு திட்டுகூட வெளியே தெரியவில்லை. மறுநாள் காலையில் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது.

உடலை அறுத்துப் பார்த்துவிட்டு அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது சூசையின் மனைவி ரோஸ்லின் போன் செய்தாள். "டாக்டரம்மா, இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லுதாரு."

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் சூசையின் இதய வால்வு ஒன்று ஏற்கெனவே பழுதாகியிருந்தது. பாக்டீரியா அந்த வால்வில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தார்கள். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், அதுவரை தாங்குவாரா தெரியாது என்றார்கள்.

அதோடு, நோய் யாரிடமிருந்து கிளம்பியது என்று கண்டறியச் சொல்லும் ஊற்றுச் சட்டம் மையத்துக்குள் வந்துவிட்டது.

*

வந்தவர் சங்கரகோமதி என்ற அதிகாரி. பேருந்தில் வந்து இறங்கி, தோளில் ஒரு சின்னப் பெட்டியோடு வெயிலில் நடந்து வந்தார். சுருங்கிய பருத்திச் சேலை, கனத்த கண்ணாடி. அதிகாரி என்று சொன்னால்தான் தெரியும். மையத்தின் மேலாளர் இளநீர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, அலுவலக மேசையில் பெட்டியைத் திறந்து வைத்தார். தையல் மிஷின் தலையளவுக்கு ஒரு கருவி. அதுதான் வேர்காட்டி.

"டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். இவருக்காகச் சொல்லுதேன்," என்று மீராசாவைப் பார்த்தார். மீராசா கீழக்கரைக்காரன். முன்பு சங்கு குளித்தவன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆழம் தாங்காமல் காது போய், இங்கே வந்து சேர்ந்தவன். அவன் கதவோரம் கைகட்டி நின்றிருந்தான். "பாக்டீரியா ஒரு உடம்புல இருந்து இன்னொரு உடம்புக்குப் போகும்போது கொஞ்சம் மாறும். அம்மா ஜாடை பிள்ளைக்கு வர்ற மாதிரி. அச்சு அசலா வராது. எல்லார் உடம்புல இருந்தும் எடுத்து உள்ள வெச்சா, எது தாய், எது பிள்ளைன்னு இது கண்டுபிடிச்சிரும். சூசை இரத்தத்துல இருந்தும், செத்துப்போன ஓங்கல்ல இருந்தும் எடுத்தது வந்தாச்சு. இனி இங்க இருக்கிறவங்களுது வேணும்."

"தாய் யார்கிட்ட இருக்கோ..." என்று இழுத்தான் மீராசா.

"அவங்கதான் ஊற்று."

"சிப்பின்னு வந்தா?"

"விலங்குன்னா அன்னைக்கே முடிச்சிரணும். டாக்டர் ஊசி போடுவாங்க. நான் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

"மனுசன்னா?"

"கையில சிவப்புப் பட்டை. ஆயுசுக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாப்பாட்டுக் கடை, மிருகங்க இருக்கிற இடம் எதுலயும் நுழைய முடியாது. கதவு திறக்காது."

அவர் இதையெல்லாம் மழை வருமா வராதா என்று சொல்வதுபோல் சொன்னார். கொள்ளைநோய் வந்துபோன வருடங்களில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தெருத்தெருவாக ஜனங்கள் கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. இப்போது எந்த ஊரிலும் சிவப்புப் பட்டை கட்டிய ஒருவர் இருந்தார். அவர் பக்கத்தில் பேருந்தில் யாரும் உட்காரவில்லை.

சோதனை மாதிரியைச் சோதிக்கிறவரே எடுக்கக் கூடாது, எடுக்கிறவர் சோதிக்கக் கூடாது என்பது விதி. லஞ்சத்தைத் தடுக்கத்தான். எனவே மாதிரி எடுக்கிற வேலை பிரிசில்லாவுடையது. சங்கரகோமதி குப்பிகளையும் பெயர் ஒட்டும் லேபிள்களையும் அவளிடம் கொடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

*

பிரிசில்லா முதலில் குளத்துக்குப் போனாள். மீராசா உள்ளங்கையால் தண்ணீரை மெல்லத் தட்டினான். சிப்பி எங்கிருந்தோ வந்து, விளிம்பில் புரண்டு, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. இரத்தம் எடுக்கவும் ஊசி போடவும் இப்படிக் கிடக்க அவன் பழக்கியிருந்தான். அவனைத் தவிர வேறு யார் தட்டினாலும் அது வராது. ஆறிய திட்டுகளின் தழும்பில் பஞ்சுக்குச்சியை உருட்டி எடுத்துக் குப்பியில் போட்டாள். சிப்பி 'ப்பூ' என்று மூச்சுவிட்டு அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தது.

பிறகு தன் அறையில் மீராசாவிடம் எடுத்தாள். தொண்டையில் ஒன்று. காயம் இருந்தால் அதிலும் எடுக்க வேண்டும். அவன் வலது ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து இலேசாக ஊதா ஓடியிருந்தது. "என்ன இது?" என்றாள். "சாளை முள்ளு குத்துனது டாக்டரம்மா. ஆறிப்போச்சு." மீன் தொடுகிறவர்கள் எல்லார் கையிலும் இருக்கிற காயம்தான். அதிலும் குச்சியை உருட்டி, அதே குப்பியில் போட்டாள். அவள் கை வேலையைச் செய்துகொண்டிருந்தது. மனசு முழுக்கச் சிப்பி.

லேபிள் எழுதப் பேனாவைத் திறந்தபோது மீராசா கதவைச் சாத்தினான்.

"டாக்டரம்மா, அந்த மிஷின் சிப்பின்னுதான் சொல்லும். இல்லையா?"

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"மொதல்ல வந்தது அதுக்குத்தானே. அதுகிட்ட இருந்து துடுப்புக்கு, அப்புறம் சூசைக்கு. நமக்கே தெரியுதே, மிஷின் என்னத்துக்கு?"

"நாம என்ன செய்ய முடியும் மீராசா?"

"எம்பேரைப் போடுங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் மேசையிலிருந்த இரண்டு குப்பிகளையும் காட்டினான். "அதுல எம்பேரு. இதுல அதோட பேரு. அவ்வளவுதான். நான் தனி ஆளு. பொண்டாட்டி புள்ள இல்லை. எனக்குப் பட்டை கட்டுனா யார் பட்டினி கெடக்கப்போறா? ஊருக்குப் போயி வலை பின்னிக்கிட்டுக் கெடப்பேன். அது தேறிருச்சு டாக்டரம்மா. தேறி வந்த ஒண்ணை எப்படிக் கொல்லுவீங்க?"

"சூசை கேட்டா?"

"சூசைகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிருவேன். பொழச்சு வரட்டும். 'மாப்ள, உனக்குக் குடுத்தது நானில்லடா, உம்மருமவ சிப்பிதான்'னு சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான். அவனுக்குத் தெரிஞ்சாப் போதும், ஊருல என்ன சொன்னா எனக்கென்ன?"

பிரிசில்லா சன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து குளம் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். தனியாகிப்போன நாளிலிருந்து சிப்பி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓங்கலுக்கும் ஒரு விசில் உண்டு, பெயர்போல. அது அடித்துக்கொண்டிருந்தது துடுப்பின் விசிலை.

அவள் எழுதினாள். மீராசாவின் குப்பியில் 'சிப்பி' என்று. சிப்பியின் குப்பியில் 'மீராசா' என்று. இரண்டையும் ஒட்டிவிட்டுப் பேனாவை மூடினாள்.

தன்னுடையதையும் மற்ற இரண்டு ஊழியர்களுடையதையும் சேர்த்து வரிசையாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சங்கரகோமதி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிளைப் படித்தார். கருவிக்குள் வைத்து மூடினார்.

*

வேர்காட்டி வேலை செய்வது வெளியே தெரியாது. ஒரு சின்ன முனகல் மட்டும். சங்கரகோமதி டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார். பிரிசில்லா தன் டப்பாவைத் திறக்கவில்லை. மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, சூசைக்கு மறுநாள் அறுவை சிகிச்சை என்று வந்து சொன்னார். மீராசா வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் கவலையே இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்தவன்போல் அமைதியாக இருந்தான். அந்த அமைதியைப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிற்பகலில் முனகல் நின்றது.

சங்கரகோமதி திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மேலே நிமிர்ந்து பிரிசில்லாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ஊற்று, சிப்பி," என்றார். "துடுப்புக்கும் சூசைக்கும் நேரடியா அங்கிருந்துதான் போயிருக்கு. மீராசாங்கிற பேர்ல இருக்கிறதும் அதோட பிள்ளைதான். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க டாக்டர். நான் கடைசி பஸ்சைப் பிடிக்கணும்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். மீராசா எழுந்து உள்ளே வந்தான். கோபத்தில் அவன் கண் சிவந்திருந்தது. பிரிசில்லாவின் கையைப் பிடிக்காத குறையாக அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மாத்தலையா? பயந்துட்டீங்களா?"

"மாத்தினேன்."

"அப்ப எப்படி சிப்பின்னு..."

அவள் குனிந்தாள். அவனுடைய விரலைப் பார்த்தாள். உரிந்த தோல், ஊதா நிறம். பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருந்த அதே நிறம். மீன் தொடுகிறவர்களின் விரலில் இந்தப் பாக்டீரியா முதலில் காட்டுகிற அடையாளம். காலையில் அதன் மேல் குச்சியை உருட்டியவள் அவள்தான்.

மீராசாவும் தன் விரலைப் பார்த்தான். அவள் பார்ப்பதைப் பார்த்து அவனும் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கோபம் மெல்ல வடிந்தது. பிறகு அதில் என்ன வந்தது என்று பிரிசில்லாவால் சொல்ல முடியவில்லை.

"அந்தக் குப்பியில இருந்தது என்னோடது," என்றான்.

"ஆமா."

"நாந்தான் சிப்பிக்கே குடுத்தேன்."

"ஆமா, மீராசா."

"சூசைக்கும்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இருவரும் ஒரே மேசையில் மீன் வெட்டுவார்கள். ஒரே கத்தி. மதியம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

மாற்றாமல் விட்டிருந்தால் கருவி மீராசாவின் பெயரைச் சொல்லியிருக்கும். அவன் கேட்டபடியே பட்டை அவன் கைக்கு வந்திருக்கும். சிப்பி தப்பித்திருக்கும். சிப்பியைக் காப்பாற்ற இருவரும் சேர்ந்து செய்த காரியம் அதன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

"வாங்க, போய்ச் சொல்லிருவோம்," என்றாள்.

அவன் அசையவில்லை.

"மீராசா?"

"பொய்யா எம்மேல விழுந்திருந்தா தாங்கியிருப்பேன் டாக்டரம்மா. நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும், சூசைக்குத் தெரியும். இப்ப நான் சூசைகிட்ட என்னத்தைச் சொல்ல? ரோஸ்லின் மொகத்துல எப்படி முழிக்க? அவ கையால எத்தனை நாள் தின்னிருக்கேன்."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? முள்ளு குத்தினது."

"அதெல்லாம் நாம பேசலாம். அவன் செத்துப்போனா?" மீராசா சுவரில் சாய்ந்தான். பிறகு, அவளை நேராகப் பார்க்காமல், "அது ஒரு மீனுதானே டாக்டரம்மா," என்றான்.

ஓங்கலை மீன் என்று சொல்கிற பார்வையாளர்களோடு சண்டைக்கே போகிறவன் அவன். அது பால் கொடுக்கும், நம்மைப்போல மூச்சுவிடும், அதற்குத் துக்கம் உண்டு என்று நின்று விளக்குகிறவன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் பிரிசில்லா ஓரடி பின்வாங்கினாள். சொன்னவனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் மட்டும் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். என்னைக் காட்டிக்குடுத்துராதீங்க."

அவளும் ஒன்றும் பரிசுத்தமானவள் இல்லை. சொன்னால் அவள் பெயரும் போகும். மாதிரியை மாற்றிய மருத்துவருக்கு எந்தக் கால்நடை மருத்துவ மன்றமும் உரிமத்தை விட்டுவைக்காது. இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டால் போதும். ஓர் ஊசியோடு எல்லாம் முடிந்துவிடும். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மருந்து அலமாரியைத் திறந்தாள். பெரிய சிரிஞ்சை எடுத்தாள். மருந்தை ஏற்றினாள்.

*

வெயில் தணிந்து உப்பளத்துக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. குளத்தின் விளிம்பில் சங்கரகோமதி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். மேலாளர் வரவில்லை. பிரிசில்லா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சிரிஞ்சைத் துணிக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். ஓங்கலிடம் எதற்கு மறைக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கூப்பிடுங்க," என்றார் சங்கரகோமதி.

மீராசா குனிந்தான். வலது கையை நீட்டினான். சிப்பி குளத்தின் மறுகோடியில் நின்று தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை தண்ணீரைத் தொட்டால் வந்துவிடும். வந்து, புரண்டு, பக்கவாட்டைக் காட்டும். குத்தினாலும் விலகாது. விலகக் கூடாது என்று அவன் கற்றுக்கொடுத்திருந்தான்.

கை தண்ணீருக்கு மேலேயே நின்றது.

பிரிசில்லா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கினால் தான் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. இறங்கிவிடுமோ என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கித் தொலைத்தால் தேவலை என்று இன்னொரு பக்கம். இரண்டையும் அவளால் மறுக்க முடியவில்லை.

சிப்பிக்குப் பொறுமையில்லை. கூப்பிடாமலே வந்தது. அவன் கைக்குக் கீழே வந்து நின்று, மூக்கால் அவன் உள்ளங்கையை மேல்நோக்கி முட்டியது. என்ன, தட்ட மறந்துவிட்டாயா என்று கேட்பதுபோல.

மீராசா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நெருப்பைத் தொட்டவன்போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா," என்றான் சங்கரகோமதியிடம். "அந்தக் குப்பியில இருந்தது என்னோடது. நாந்தான் ஊற்று. டாக்டரம்மாவை நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"எழுதி ஒட்டினது நான்," என்றாள் பிரிசில்லா. சிரிஞ்சைத் தரையில் வைத்தாள். குரல் தெளிவாகத்தான் வந்தது.

சங்கரகோமதி தரையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார். பிறகு, "தெரியும்," என்றார்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"குச்சியில வெறும் பாக்டீரியாவா வருது? தோலும் எச்சிலும் சேர்ந்துதானே வருது? மனுசத் தோல் எது, ஓங்கல் தோல் எதுன்னு தெரியாத மிஷினா இது? குப்பியை வெச்சதுமே சொல்லிருச்சு."

"அப்ப ஏன் சொல்லல?" பிரிசில்லா எழுந்து நின்றாள். "சிப்பின்னு எங்ககிட்ட ஏன் சொன்னீங்க?"

"சட்டம் லேபிளைத்தான் படிக்கச் சொல்லுது டாக்டர். குப்பிக்குள்ள யார் தோலுன்னு கேக்கல. கேக்குற மாதிரி எழுதியிருக்கலாம். எழுதல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் போற வீடுகள்ல பாதியில மாத்தித்தான் வெச்சிருப்பாங்க. போன மாசம் ஒரு அம்மா. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. அவன் குப்பியில தன் பேரு. மிஷின் ஆம்பளைத் தோலுன்னு சொல்லுது, லேபிள்ல பொம்பளை பேரு. நான் என்ன செய்ய? அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். பட்டையை அவங்க கையிலயே கட்டிட்டு வந்துட்டேன். யாராவது வாயைத் திறந்து சொன்னா மாத்தி எழுதுவேன். சொல்லலைன்னா, அந்த வீட்டுக்குள்ள அவங்க முடிவு பண்ணினதுன்னு விட்டுருவேன்."

"நாங்க சொல்லாம இருந்திருந்தா?"

"நீங்க ஊசி போட்டிருப்பீங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறியிருப்பேன்."

"ஒரு உயிரை வெச்சு எங்களைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"உயிரை நடுவுல வெச்சது நான் இல்லையே டாக்டர்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

மீராசா தரையில் இருந்தபடியே கேட்டான். "எனக்கு யார்கிட்ட இருந்தும்மா வந்துச்சு?"

"சாளைகிட்ட இருந்து."

"அப்ப சாளைதானே ஊற்று?"

"செத்த மீனுக்குப் பட்டை கட்ட முடியாதேப்பா." சங்கரகோமதி செருப்பைப் போட்டுக்கொண்டார். "உள்ள வாங்க. மீராசாகிட்டயும் சிப்பிகிட்டயும் மறுபடி எடுக்கணும். டாக்டர், உங்களைப் பத்தியும் எழுதித்தான் ஆகணும். இதுல எனக்கு வேற வழியில்ல."

"எழுதுங்க," என்றாள் பிரிசில்லா.

அவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார்.

*

சூசையின் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். பிறகு கண் திறந்தான். குணமாகிவிடும் என்று டாக்டர்கள் சொன்ன அன்று பிரிசில்லா மீராசாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. உரிமத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். சிப்பியைக் கடலுக்குள் அமைத்த வலைக்கூண்டுக்கு மாற்றப்போவதாகவும், அது புதிய ஆள் கையிலிருந்து மீன் வாங்க மாட்டேன் என்கிறது என்றும் மேலாளர் போனில் சொல்லியிருந்தார்.

வழி முழுக்க மீராசா பேசவில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஆனால் பட்டை அதற்கும் கீழே இறங்கித் தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறந்தது. அவன் பக்கத்தில் வந்ததும் மூடிக்கொண்டு, மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். மீராசா தானாகவே பின்னால் நகர்ந்து வேப்பமரத்தடியில் போய் நின்றான்.

போன் செய்ததும் ரோஸ்லின் கீழே இறங்கி வந்தாள். தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. கையில் துணிப்பை. ஊற்று யார் என்று யாரும் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நேரில் நானே சொல்ல வேண்டும் என்று மீராசா பிடிவாதமாக இருந்தான்.

"அண்ணே, நல்லா இருக்கிய..." என்று தொடங்கியவள் பட்டையைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"சூசைக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சும்மா," என்றான் மீராசா. வேறு எதையும் சேர்க்கவில்லை. முள்ளைப் பற்றிச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்தது என்று சொல்லவில்லை.

ரோஸ்லினின் கண் பட்டையிலேயே இருந்தது. அவள் அழுவாள் என்று பிரிசில்லா எதிர்பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தாள்.

"ஏன் சொன்னிய?" என்றாள் கடைசியில். "ஓங்கல்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தெனமும் அதைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன், மனசு கொஞ்சம் ஆறும். இப்ப யாரைப் போய்த் திட்ட?"

"என்னைத் திட்டும்மா."

"உங்களை எப்படித் திட்ட?" அவள் குரல் உயர்ந்தது. "இவரு கண்ணு முழிச்சதும் கேட்ட மொதக் கேள்வியே 'மீராசா சாப்பிட்டானா'ன்னுதான். நான் என்னன்னு சொல்லட்டும் அவருகிட்ட?"

மீராசா தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ பெயரைக் கூப்பிட்டார்கள்.

ரோஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேன்டீன்ல கஞ்சி தீர்ந்துரும். வாங்கிட்டு வரணும்," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிரிசில்லா, "குடுங்க, பையை நான் வெச்சுக்கிறேன்," என்று கையை நீட்டினாள்.

ரோஸ்லின் அவளிடம் கொடுக்கவில்லை. ஒரு நொடி தயங்கி நின்றாள். பிறகு அந்தத் துணிப்பையை, சூசையின் துவைத்த சட்டையும் கைலியும் இருந்த பையை, மீராசாவிடம் நீட்டினாள்.

"பிடிங்க," என்றாள். "கீழ வெச்சுராதிய, மண்ணாயிரும்."

மீராசா வாங்கவில்லை. தன் பட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பிடிங்கண்ணே. நேரமாகுது."

அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். ரோஸ்லின் திரும்பிப் பார்க்காமல் கேன்டீன் பக்கம் நடந்தாள். அவள் கூட்டத்தில் மறைந்த பிறகும், பையைத் தரையில் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் வெயிலில் அப்படியே நின்றிருந்தான். வேப்பமரத்தின் நிழல் நகர்ந்துபோனதை அவன் கவனிக்கவில்லை. பிரிசில்லா சொல்லவும் இல்லை.